மூன்று நட்டு வண்டியும் ஒரு மூட்டை கிழங்கும்: கோத்தகிரியில் ரெனோ க்விட்

முதலில் வண்டி விவரம், அப்புறம் கதை. ரெனோ க்விட், 2017 மாடல், 1.0 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், சிவப்பு. 2021 கடைசியில் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக இரண்டே முக்கால் லட்சத்துக்கு எடுத்தேன். அப்போது 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 74,000 தாண்டிவிட்டது. நான் ஓட்டியதில் முக்கால்வாசி கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் என்று மலையிலேயே ஓடியது. சமவெளியில் ஆறு வழிச்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த விமர்சனம் அவ்வளவாக உதவாது. மலைக்காரர்களுக்கும், மலைக்கு மருமகளாக வந்தவர்களுக்கும் உதவும்.

வாங்கிய மூன்றாவது மாதம் அரவேனு பக்கம் பஞ்சர். கடைத் தம்பி சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான், உள்ளே பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, ஒரு நட்டு காணோம். யாரோ கழட்டிட்டாங்க." அப்புறம் சந்தேகம் வந்து எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தான், பின்சக்கரத்தைப் பார்த்தான். நாலு சக்கரத்திலும் மூன்று மூன்று நட்டுதான். "ஏன்க்கா, நாலு நட்டு திருடுறவன் ஸ்டெப்னிய விட்டுட்டா போவான்?" என்று அவனே யோசித்து, அதற்கப்புறம்தான் அந்த வண்டி பிறக்கும்போதே அப்படித்தான் என்று நம்பினான். இன்றைக்கும் அந்தக் கடையில் என் வண்டிக்குப் பெயர் "மூணு நட்டு".

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. குஞ்சப்பனை வளைவில் மூன்று நட்டை நம்பி இறங்குவதா? தேடிப் படித்ததில் புரிந்தது: இது கஞ்சத்தனம் மட்டும் இல்லை, பிரெஞ்சுக்காரர்களின் பழைய பழக்கம். சிட்ரோயன் 2சிவி, ரெனோ 4, ரெனோ 5 எல்லாமே மூன்று நட்டு வண்டிகள். எடை குறைந்த வண்டிக்கு மூன்றே தாங்கும், நாலாவது வெறும் செலவு, வெறும் பாரம் என்பது அவர்கள் கணக்கு. க்விட் ஏழு நூறு கிலோவுக்குள் நின்றுவிடுகிற வண்டி. அந்தக் கணக்கு இதற்கும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் ஒரு நட்டு தளர்ந்தாலும் மூன்றில் ஒரு பங்கு போச்சு, அதனால் ஒவ்வொரு முறை டயர் கழற்றி மாட்டிய பிறகும் நூறு கிலோமீட்டரில் ஒரு தடவை இறுக்கிப் பார்த்துவிடுகிறேன்.

அந்த 2சிவி கதையைச் சொல்லாமல் என்னால் இந்த வண்டியைப் பற்றிப் பேச முடியாது. 1930களில் சிட்ரோயன் கம்பெனிக்குத் துணைத் தலைவராக இருந்த பியேர் ஜூல் பூலாஞ்சே தன் பொறியாளர்களிடம் ஒரு வண்டி கேட்டார். இரண்டு விவசாயிகள் உட்கார வேண்டும், கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும், மணிக்கு 60 கிலோமீட்டர் போக வேண்டும். உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக்கூடாது. தலையில் தொப்பியோடு உட்கார இடம் வேண்டும் என்றும் சொன்னாராம். நடுவில் உலகப் போர் வந்து, வண்டி 1948இல் பாரிஸ் கண்காட்சியில்தான் வெளியே வந்தது. இன்ஜின் 375 சிசி, 9 குதிரைத்திறன். நம் மொபெட்டை விடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்த வண்டி 1990 வரை உற்பத்தியில் இருந்தது. அதற்குப் போட்டியாக ரெனோ 1961இல் இறக்கியதுதான் ரெனோ 4, எண்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அதன் வினோதம் இன்னும் ஒரு படி மேல். பின்சக்கரங்களுக்கான ஸ்பிரிங் கம்பிகளை ஒன்றன் பின் ஒன்றாகக் குறுக்கே வைத்ததால், வண்டியின் ஒரு பக்கம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் மறுபக்கத்தை விட ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அதிகம். இதை நம்மூர் வீல் அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

விவசாயி, உருளைக்கிழங்கு, தொப்பி. படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது என் மாமனார்தான். அவருக்குக் கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கரில் தேயிலையும், கீழே கொஞ்சம் கிழங்கும் கேரட்டும். வெள்ளைத் தலைப்பாகை இல்லாமல் வீட்டைவிட்டு இறங்க மாட்டார். மச்சினரின் காரில் ஏறும்போதெல்லாம் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார், அதிலேயே பாதி எரிச்சல். க்விட்டில் முதல் நாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார், தலையைத் தொட்டுப் பார்த்தார், கூரையைத் தொட்டுப் பார்த்தார். தலைப்பாகை இருந்த இடத்திலேயே இருந்தது. "இது நல்ல வண்டிம்மா" என்றார். இன்ஜினை நான் இன்னும் ஸ்டார்ட் பண்ணவே இல்லை!

பூலாஞ்சே பரிட்சையில் தொப்பி பாஸ். அடுத்தது கிழங்கு. அறுவடைக் கிழங்கெல்லாம் பிக்கப் வண்டியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடும், அதற்குக் காரை யாரும் எடுக்க மாட்டார்கள். என் வண்டியில் ஏறுவது விதைக்கிழங்கு, உரம், அப்புறம் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பும் மூட்டைகள். டிக்கி 300 லிட்டர். இந்த அளவு வண்டிக்கு அது பெரிய டிக்கிதான், 45 கிலோ மூட்டை ஒன்று படுத்துக்கொண்டு மேலே ஒரு கேரட் பையும் நிற்கும். பின்சீட்டை மடித்தால் மூன்று மூட்டை. ஒரே கஷ்டம், டிக்கியின் விளிம்பு உயரம். மூட்டையை இடுப்புக்கு மேல் தூக்கித்தான் உள்ளே போட வேண்டும். மாமாவுக்கு வயதாகிவிட்டது, எனக்கு முதுகு வலி, அதனால் இந்த வேலையில் மட்டும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறோம்.

முட்டைப் பரிட்சையையும் விடவில்லை. கோத்தகிரி மார்க்கெட்டில் 30 முட்டைத் தட்டு ஒன்று வாங்கி, கட்டாமல் பின்சீட்டில் வைத்து, எங்கள் ஊருக்குத் திரும்பும் மண்பாதையில், மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட இரண்டு கிலோமீட்டரை ஓட்டினேன். ஒரு முட்டையில் மட்டும் கீறல். அது கடையிலேயே கீறல் விழுந்ததுதான் என்று மாமா சாதித்தார், வண்டிக்கு அவர் வக்கீல்.

இந்த மண்பாதைச் சுகத்துக்குக் காரணம் உண்டு. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவே 180 மில்லிமீட்டர் இடைவெளி, ஸ்பிரிங்கும் மெத்தென்று இருக்கும், குழியில் சக்கரம் இறங்கி ஏறுவதற்கு நல்ல இடம் உண்டு. அதே காரணத்தால்தான் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது. இரண்டும் ஒன்றாகத்தான் கிடைக்கும். வேகமாக வளைத்தால் பின்சீட்டில் இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, மூன்றாவது வளைவில் எலுமிச்சம்பழம் கேட்பார்கள். மெதுவாக வளைத்தால் ஒன்றும் இல்லை. இது அவசரக்காரர்களுக்கான வண்டி இல்லை.

இப்போது இன்ஜின். வாங்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும், ஏனென்றால் விற்பவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். க்விட் முதலில் வந்தபோது 800 சிசி மட்டும்தான், 54 குதிரைத்திறன். 2016இல் ஆயிரம் சிசி வந்தது, 68 குதிரைத்திறன். டர்போ இல்லாத இன்ஜின் உயரம் ஏற ஏற மூச்சு வாங்கும். காற்று மெலிந்துவிடுவதால் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் பலம் குறையும். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர். அப்படியென்றால் மேட்டுப்பாளையம் தாண்டும்போது 68ஐ ஒட்டி இருக்கும் என் வண்டி, கோத்தகிரி டானிங்டன் வந்து சேரும்போது 55, 56க்கு வந்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே இன்னும் கொஞ்சம் போய்விடும். அதாவது சென்னைக்காரரின் 800 சிசி க்விட்டும், கோத்தகிரியில் நிற்கும் என்னுடைய ஆயிரம் சிசி க்விட்டும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் 800 சிசி வண்டி மலையில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விலை குறைவு என்று 800ஐ எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஏறும்போது ரகசியம் ஒன்றுதான், வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். வளைவின் நடுவில் யோசித்தால் முடிந்தது. மூன்று சிலிண்டர் இன்ஜின், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஒரு தையல் மிஷின் குரல் வரும், நின்றால் கியர் கம்பி லேசாக நடுங்கும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது, இப்போது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கியர் மாற்றுகிறேன். என் மாடலில் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள் கிடையாது, வேகம் மட்டும் பெரிய டிஜிட்டல் எழுத்தில் தெரியும். காதுதான் மீட்டர்.

இறங்கும்போது இந்த வண்டி ராஜா. ஏறும் கியரிலேயே இறங்கு என்று இங்கே லைசென்ஸ் எடுப்பதற்கு முன்பே சொல்லித் தந்துவிடுவார்கள். எடை குறைந்த வண்டியை இன்ஜினே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, பிரேக்குக்கு வேலை குறைவு. இன்ஜின் பிடித்தது போக மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் போய்ச் சேர வேண்டும், எடை கூடக் கூடச் சூடும் கூடும். சீசனில் போலீஸ் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடும் நாட்களில், எங்கள் ரோட்டோரம் பெரிய பெரிய வண்டிகள் சக்கரத்தில் புகையோடு நிற்பதைப் பார்க்கலாம். பாட்டில் தண்ணீரை ஊற்றப் போவார்கள். ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும், ஆறும்வரை நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு நான் தையல் மிஷின் குரலில் போய்விடுவேன்.

அகலம் 1.58 மீட்டர், நீளம் 3.68 மீட்டர். எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. எதிரே மேட்டுப்பாளையம் பஸ் வளைவை முழுசாக எடுத்துக்கொண்டு வரும்போது தோன்றும். டிரைவர் அண்ணன் கையைக் காட்டுவார், நான் பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவேன், கண்ணாடியை மடக்காமலேயே பஸ் போய்விடும். குன்னூர் மார்க்கெட்டில் இரண்டு ஜீப்புக்கு நடுவே மிச்சம் கிடக்கும் இடம், எங்கள் ஊரில் வீட்டுக்கும் கல்சுவருக்கும் நடுவே உள்ள சந்து, இதெல்லாம் இந்த வண்டிக்காகவே அளந்து விட்டது மாதிரி. ஒரே மூச்சில் யூ டர்ன் போடுகிறது. ஒரு தடவை ராத்திரி ஒன்பது மணிக்கு வளைவு திரும்பியதும் ரோட்டின் நடுவே காட்டெருமை ஒன்று. அதைவிட என் வண்டி சின்னதாகத் தெரிந்தது. ஹெட்லைட்டைத் தாழ்த்தி, சத்தம் போடாமல் பின்னால் எடுத்து, பத்து நிமிடம் காத்திருந்தோம். அது போனது.

சரி, குறைகளுக்கு வருகிறேன், மறைக்க ஒன்றும் இல்லை. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். நட்டு மாதிரியே இதிலும் ஒன்று மிச்சம் பிடித்துவிட்டார்கள். அது நடுவாந்திரமாக நன்றாகவே துடைக்கும், ஓரத்தில் ஒரு முக்கோணம் விட்டுவிடும். ஐப்பசி மழையில் இடப்பக்க ஓரம் எனக்குத் தெரியாது, மாமாதான் "வா, வா, இடம் இருக்கு" என்பார். என் மாடலில் பின்கண்ணாடிக்கு வைப்பரும் இல்லை, பனி நீக்கும் கம்பியும் இல்லை. மஞ்சு இறங்கும் மாதங்களில் பழைய வேட்டித் துணி ஒன்று வண்டியிலேயே கிடக்கும். ஜன்னல் ஏற்றும் பட்டன் கதவில் இல்லை, நடுவில் டேஷ்போர்டில் இருக்கிறது. புதிதாக ஏறுகிறவர்கள் கதவைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பேன்.

விளையாட்டு இல்லாத குறை பாதுகாப்பு. 2016இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் இந்த வண்டி வாங்கியது பூஜ்ஜியம் நட்சத்திரம், திருத்திக் கொண்டுவந்த பிறகு டிரைவருக்குக் காற்றுப்பை வைத்ததற்கு ஒன்று. என் வருடத்து வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது, 2019இல்தான் எல்லாவற்றிலும் வந்தது. ஈர ரோட்டில் பதறி பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மலைக்குள் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுகிற எனக்கு இது சரி. வாரா வாரம் கோயம்புத்தூருக்கும் சேலத்துக்கும் பைபாஸில் நூறில் போகிறவர் என்றால் இந்த வருட மாடல் வேண்டாம், அக்கா சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்ட் எடுப்பதாக இருந்தாலும் 2019க்கு அப்புறம் வந்ததைத் தேடுங்கள். கூடக் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

கிளட்ச் கதை என் தப்பு. மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்காமல், பாதி மிதித்த கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் கெட்ட பழக்கம் எனக்கு. 52,000 கிலோமீட்டரில், கோத்தகிரி ஜான்ஸ்டன் சதுக்கத்தில், சந்தை நாளில், பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்க, கருகிய வாசத்தோடு நின்றுவிட்டது. சமவெளியில் ஒரு ஒர்க் ஷாப்புக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். இரண்டு நாளில் தருகிறேன் என்றவர் பதினெட்டு நாள் வைத்துக்கொண்டார். கேட்டால் சாமான் வரவில்லை, பையன் வரவில்லை, கடைசியில் மழை என்றார். இங்கே மழை பெய்தால் அங்கே கிளட்ச் எப்படி நனையும் என்று மாமா கேட்டார். அதற்கப்புறம் எங்கள் ஊர் மெக்கானிக் தம்பியிடமே எல்லாம். "ரெனால்ட்டு" என்றுதான் சொல்லுவான். பிரெஞ்சில் கடைசி எழுத்துகளைச் சொல்ல மாட்டார்கள், ரெனோ என்று திருத்தினேன். "எழுதினத சொல்லாம விடுறதுக்கு எதுக்குக்கா எழுதணும்?" பதில் இல்லை.

பெட்ரோல் செலவு இப்படி: ஏறும்போது லிட்டருக்கு 13, 14, இறங்கும்போது 25ஐத் தொடும், போய்வந்தால் சராசரி 18 கிடைக்கிறது. டேங்க் 28 லிட்டர்தான், அதனால் பங்க்கில் அடிக்கடி முகம் காட்ட வேண்டும். வருடச் செலவு, ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் எல்லாம் சேர்த்து என் கையில் எட்டாயிரம் தாண்டியதில்லை, அந்தக் கிளட்ச் வருடம் தவிர. இன்னொரு தலைவலி வண்டியுடையது இல்லை. 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு, உள்ளூர் நம்பரான டி.என். 43 வண்டிகளை யாரும் கேட்பதில்லை, என்னுடையது கோயம்புத்தூர் நம்பர், அதனால் சோதனைச் சாவடியில் நான் இந்த ஊர் மருமகள் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சு வண்டி என்று சொல்கிறேனே தவிர, பிறந்தது ஒரகடத்தில். 2015 மே மாதம் சென்னையில்தான் உலகத்துக்கே காட்டினார்கள், செப்டம்பரில் 2.57 லட்சத்தில் தொடங்கி விற்பனைக்கு வந்தது. இதற்குத் தலைமை தாங்கிய ஜெரார் டெடுர்பே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதற்காகச் சென்னையிலேயே தங்கி, ஒவ்வொரு ரூபாயாகச் செலவைக் குறைத்தவர். வைப்பர் ஒன்றானதில் அவர் கை இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். இதே வண்டியின் சட்டகத்தில் பேட்டரி போட்டு டாசியா ஸ்பிரிங் என்று 2021 முதல் ஐரோப்பாவில் விற்கிறார்கள். ஒரகடத்துப் பிள்ளை பாரிஸ் தெருவில் மின்சாரத்தில் ஓடுகிறது.

போன மாதம் குன்னூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பையனுக்கு ஓட்டப் பழக ஒரு சின்ன வண்டி வேண்டுமாம், ஒன்றரை லட்சம் தருகிறேன் என்றார். எனக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கு மாறலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது, சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கிழங்கு எடுக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். இப்போதுதான் விதைத்திருக்கிறோம்.